நெல்லைச் சீமையில் நாய் வளர்ப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு

தோட்டத்தில் வீடு கட்டிக் குடிவந்தவர்களும், வெளியூர் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியவர்களும் முதலில் கேட்பது "காவலுக்கு எந்த நாய் நல்லது?" என்பதுதான். விசுவாசமான நாய் வேண்டும் என்று கூடவே சொல்வார்கள். அதற்குக் கவலைப்பட வேண்டாம். நேரத்துக்குச் சோறு போட்டு, வீட்டு ஆட்களோடு புழங்கவிட்டால் எந்த நாய்க்கும் விசுவாசம் தானாக வரும். நம் பக்கத்துக் கிராமங்களில் நாய் அற்பாயுசில் போவதற்குக் காரணங்கள் வேறு: பார்வோ என்னும் ரத்தக் கழிச்சல் நோய், உண்ணிக் காய்ச்சல், எலி மருந்து, நாலுவழிச் சாலை. அதனால் இங்கே பாதிக்கு மேல் இவற்றைப் பற்றித்தான்.

எந்த நாய்

கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டில் பழகிய இனங்கள் சிப்பிப்பாறையும் கன்னியும். நீண்ட மூஞ்சி, ஒட்டிய வயிறு, குச்சிக் கால்கள். கன்னி பெரும்பாலும் கறுப்பு உடம்பில் செம்பழுப்புக் கால்களோடு இருக்கும். இரண்டும் முயலை விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், அதிகம் குரைக்காது, வெயில் தாங்கும். ஆனால் ஓடுகிற எதைக் கண்டாலும் துரத்தும். இரண்டு சென்ட் மனையில் சங்கிலியில் கட்டிப்போட இது நாய் அல்ல. சுற்றுச்சுவரோ கம்பிவேலியோ உள்ள அரை ஏக்கராவது வேண்டும், வேலி 6 அடி உயரம் இருக்க வேண்டும். 4 அடிச் சுவரை நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும்.

ராஜபாளையம் நாய்க்குக் கம்பீரம் அதிகம். 2005-இல் தபால்தலையிலும் இடம்பிடித்தது. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. தேனி மாவட்டத்துக் கோம்பை கட்டையான உடம்பு, கறுத்த மூஞ்சி. காவலுக்குக் கெட்டிக்கார நாய்தான், ஆனால் நாய் வளர்த்துப் பழக்கமில்லாதவர் கைக்கு அடங்காது.

முதல்முறை வளர்க்கிறவருக்கு எங்கள் யோசனை: நல்ல தாய்க்குப் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. தீனிச் செலவு குறைவு, எந்தச் சீதோஷ்ணமும் ஒத்துக்கொள்ளும், முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்றால் தெரு முழுக்கக் கேட்கும்படி குரைக்கும். காவலுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

குட்டியை எடுக்கும்போது

பிறந்து 25, 30 நாளிலேயே விற்றுவிடுவது பரவலான வழக்கம். வாங்காதீர்கள். 8 வாரம் தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்த குட்டிதான் கடியை அடக்கப் பழகியிருக்கும். ஒன்றையொன்று கடித்து, கத்தி, விட்டுத்தான் அந்தப் பாடம் வரும். சீக்கிரம் பிரித்த குட்டி பிள்ளைகளின் கையைக் கடித்துக்கொண்டே இருக்கும்.

நேரில் போய்த் தாய் நாயைப் பாருங்கள். ஆளைக் கண்டு பம்மி ஒளிகிற தாயின் குட்டியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பிறகு குட்டியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள்:

1. ஈறும் நாக்கும் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் குடற்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடிக்கிறது.
2. கை கால் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் புழு.
3. தொப்புளில் மெத்தென்று உருண்டை தட்டுப்பட்டால் குடலிறக்கம். மருத்துவரிடம் காட்டிய பிறகு முடிவெடுங்கள்.
4. குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்று அசைவிலேயே திரும்பிவிடும், ஏமாந்துபோவீர்கள். வெள்ளைக் குட்டி என்றால் இந்தச் சோதனை கட்டாயம்.

ஒரே ஈற்றில் இரண்டு குட்டி எடுத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உங்களை மதிக்காது. ஒன்று வளர்ந்து ஒரு வருடம் ஆன பிறகு அடுத்தது.

போன வருடம் உங்கள் வீட்டில் ரத்தக் கழிச்சலில் குட்டி செத்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பார்வோ கிருமி மண்ணில் ஒரு வருடம் வரைகூடக் கிடக்கும். சிமெண்ட் தரையை ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவலாம். மண் முற்றத்தை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அந்த வீட்டுக்குத் தடுப்பூசிகள் முழுதும் போட்டு முடித்த நாயைத்தான் கொண்டுவர வேண்டும்.

இடமும் சங்கிலியும்

கூண்டு அடிக்கிறவர்கள் தகரம் போடுவார்கள். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே நாய் வெந்துபோகும். தொழுவை ஒட்டி ஓலைச் சாய்ப்பு இறக்கி, தரையை அரை அடி உயர்த்திச் சிமெண்ட் பூசினாலே போதும். வாசல் கிழக்கையோ வடக்கையோ பார்க்கட்டும். ஆனி, ஆடியில் அடிக்கிற மேலக்காற்றின் புழுதியும் மத்தியான வெயிலும் நேராக உள்ளே வராது. பக்கத்தில் வேப்பமரம் இருந்தால் நாய் சாய்ப்பை விட்டுவிட்டு அதன் அடியில்தான் படுக்கும், படுக்கட்டும்.

தண்ணீருக்கு அகலமான மண்தொட்டி. கிலோவுக்கு 60 மில்லி என்ற கணக்கில் 18 கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் ஒரு லிட்டருக்கு மேல் வேண்டும், கோடையில் இரட்டிப்பாகும். தினமும் கவிழ்த்துக் கழுவி நிரப்புங்கள்.

நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய் காவல் காக்காது, வெறித்துப்போய்க் கடிக்கும். நியாயமில்லாத நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியில் கட்டுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். வேலி போட முடியாத தோட்டங்களில் ஓடுகம்பி கட்டலாம். இரண்டு கம்பங்களை 30 அடி இடைவெளியில் ஊன்றி, 6 அடி உயரத்தில் 6 மி.மீ. கம்பிக்கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அதில் ஒரு வளையம், வளையத்தில் 8 அடிச் சங்கிலி, சங்கிலியின் முனையில் சுற்றிச் சுழலும் கொக்கி. சுழலாத கொக்கி போட்டால் இரண்டு நாளில் சங்கிலி முறுக்கிக் கழுத்தை இறுக்கும். இரண்டு கம்பங்களிலிருந்தும் 7 அடி உள்ளே வளையம் தாண்டாதபடி கம்பியில் தடுப்பு வையுங்கள். இல்லாவிட்டால் நாய் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். மீதி 16 அடி அது நடக்கக் கிடைக்கும். கம்பியின் இருபுறமும் 8 அடிக்குள் சுவரோ கிணற்று மேடையோ இருக்கவே கூடாது. சங்கிலியோடு சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் தொங்கிச் செத்த நாய்கள் உண்டு.

கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். சிப்பிப்பாறைக்குக் கழுத்தைவிடத் தலை ஒடுங்கியது, பின்னால் இழுத்தால் சாதாரணப் பட்டை கழன்று வந்துவிடும். 2 அங்குல அகலத் தோல்பட்டையோ மார்புப்பட்டையோ போடுங்கள். பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிவையுங்கள். வளரும் குட்டிக்கு வாரம் ஒருமுறை பட்டையைத் தளர்த்த மறந்தால் கழுத்துத் தோல் அறுத்துப் புண்ணாகும்.

சோறு

மிஞ்சிய சோற்றில் புளிக்குழம்பை ஊற்றி வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நாய்த் தீனி. வயிறு நிறையும், உடம்பு தேறாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைப்பவை. குழம்பு ஊற்றும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். திராட்சை, சாக்லேட் இரண்டும் விஷம்.

தினமும் ஓடியாடுகிற 18 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக: வெந்த சோறோ கம்பஞ்சோறோ கேப்பைக் களியோ 300 கிராம், கோழிக்கறி 250 கிராம், ஒரு முட்டை, பூசணியோ கேரட்டோ ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதை இரண்டாகப் பிரித்துக் காலையும் இரவும் வையுங்கள். கறிக்கடையில் கோழிக் கழுத்து மலிவாகக் கிடைக்கும்; பிரஷர் குக்கரில் எலும்பை விரலால் நசுக்கினால் பொடியாகும் அளவுக்கு வேகவைத்தே போட வேண்டும். அரைகுறையாக வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். வெள்ளிக்கிழமை கறி சமைக்காத வீடுகளில் முட்டையும் தயிரும் கூட்டிக்கொள்ளலாம். சாளை மலிவாக வரும் நாட்களில் உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்துப் போடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

வீட்டுச் சாப்பாட்டில் எப்போதும் குறைவது சுண்ணாம்புச்சத்து. முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாகப் பொடித்து, வளர்ந்த நாய்க்கு நாளுக்கு அரைத் தேக்கரண்டி சோற்றில் கலக்கலாம். குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கால்சியம் கூடினாலும் குட்டியின் எலும்பு கோணும், அதனால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். 3 மாதம் வரை குட்டிக்கு நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். மோரும் தயிரும் பாதகமில்லை.

சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரியத்தான் செய்யும். "நாயைப் பட்டினி போடுறீங்களா?" என்று விருந்தாளிகள் கேட்பார்கள். அதற்காகக் கூட்டிப்போட்டால் மூட்டுதான் கெடும். இந்த மாதிரி நெஞ்சு ஆழமான நாய்களைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓடவிடாதீர்கள். வயிறு திடீரென்று உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

ஊசியும் பூச்சி மருந்தும்

6–8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் இன்னொரு வைரஸ் நோய்), எலிக்காய்ச்சல் உள்ளிட்டவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி. 3–4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை திரும்பப் போட வேண்டும். ஒன்று போட்டதும் போதும் என்று விட்டுவிடுவதால்தான் "ஊசி போட்டும் செத்துப்போச்சு" என்ற பேச்சு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம், அதனால்தான் மறு ஊசிகள். வெறிநோய் ஊசி 3 மாதத்தில், அடுத்தது மருத்துவர் சொல்லும் நாளில், பிறகு வருடந்தோறும். நெல் வயலும் எலியும் உள்ள தாமிரபரணிக் கரை ஊர்களில் எலிக்காய்ச்சல் ஊசியை வருடா வருடம் விடாமல் போடுங்கள். அந்த நோய் நாயின் மூத்திரம் வழியாக மனிதருக்கும் தொற்றும்.

ஊசி மருந்தை நீங்களே கடையில் வாங்கிக் கொண்டுபோக நேர்ந்தால் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுபோங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். சட்டைப்பையில் வைத்துப் பைக்கில் ஒரு மணி நேரம் போனால் தண்ணீரைக் குத்துவதும் அதுவும் ஒன்று. மருந்து பனிக்கட்டியாக உறைந்தாலும் கெட்டுவிடும்.

பூச்சி மருந்து: 2 வார வயதிலிருந்து 12 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை. எடை பார்த்துத்தான் அளவு. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் முதல் வாரமே குட்டியைக் காட்டி, மருத்துவரின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிக்கலுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச ஊசி முகாம் நடக்கும்.

உண்ணி

இதில்தான் புதியவர்கள் அதிகம் தோற்கிறார்கள். நாய் மேல் இருக்கிற உண்ணியை மட்டும் கணக்கில் எடுப்பதே காரணம். ரத்தம் குடித்து, ஆமணக்கு விதை போல் உருண்ட பெட்டை உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டிச் சுத்தமாக்கினாலும் மூன்று வாரத்தில் தொழுச் சுவரிலிருந்து அடுத்த படை இறங்கும்.

ஆகவே வேலை இரண்டு இடத்தில். முதலில் நாய்: தினமும் சாயங்காலம் காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, பட்டைக்கு அடி, வாலின் அடி, அக்குள் என்று விரலால் தடவிப் பாருங்கள். விரலிடுக்கில் கடுகளவு கறுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது அழுக்கு அல்ல, குஞ்சு உண்ணி. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரல் நகத்தால் நசுக்கினால் அதிலுள்ள கிருமி உங்கள் கையில். அடுத்தது இடம்: வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடித்து, நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கி மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை நாய் மேல் ஊற்றாதீர்கள். மாட்டின் தோலும் எடையும் வேறு, நாய் நக்கவும் செய்யும், வலிப்பு வந்துவிடும். மண்ணெண்ணெய், பினாயில் இரண்டும் அப்படித்தான். நாய்க்கென்றே ஒரு மாதம் அல்லது மூன்று மாதம் வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன. எடையைச் சொல்லி மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். விலை அதிகம்தான், உண்ணிக் காய்ச்சல் வைத்தியத்துக்கு ஆகும் செலவு அதைவிட அதிகம்.

நன்றாகச் சாப்பிட்ட நாய் சோற்றை மோந்துவிட்டுப் போனால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தாலும், மூக்கில் ரத்தம் வந்தாலும், மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நல்ல நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 104 என்றால் கடுங்காய்ச்சல். மருத்துவர் 3–4 வாரத்துக்கு மாத்திரை தந்தால், ஐந்தாம் நாள் வாலாட்டுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் கிடக்கும் காய்ச்சல் வலி மாத்திரைகளைத் தரவே கூடாது. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கோழி, ஆடு, மயில்

பக்கத்து வீட்டு ஆட்டைக் கடித்துவிட்டால் நஷ்டஈடோடு முடியாது, உறவும் போகும். 8 முதல் 16 வார வயதுக்குள் குட்டியை வாரில் பிடித்துக்கொண்டு கோழி மேய்கிற இடம், ஆட்டுக்கிடை, பள்ளிக்கூட வாசல், பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றையும் 20 அடி தூரத்திலிருந்து காட்டுங்கள். தடுப்பூசிகள் முடியும்வரை வெளி இடங்களுக்குத் தூக்கிக்கொண்டே போங்கள், தெரு மண்ணில் இறக்க வேண்டாம். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில் ஒரு துண்டு அவித்த ஈரலைக் கொடுங்கள். விரட்டப் பாய்ந்தால் அடிக்காமல் வாரோடு பின்னால் போய்த் தூரத்தைக் கூட்டுங்கள். ஐந்தைந்து நிமிடமாகக் காலை, மாலை. "வா", "இரு", "வேண்டாம்" இந்த மூன்று சொல் போதும்; வீட்டில் எல்லோரும் இதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். தாத்தா "ஏய் இங்க வா" என்றும் பேரன் "கம்" என்றும் கூப்பிட்டால் குட்டி யாருக்கும் வராது.

ஓடிப்போய்த் தாமதமாகத் திரும்பிய நாயை அடித்தால், திரும்பி வந்ததற்குத்தான் அடி என்று அதற்குப் படும். அடுத்தமுறை வராது. ஆக்ரோஷம் வரட்டும் என்று இருட்டறையில் அடைப்பதும் மிளகாய் போடுவதும் வளர்த்தவனையே கடிக்கும் நாயைத்தான் உண்டாக்கும்.

இவ்வளவு பழக்கியும் சிப்பிப்பாறையைத் திறந்த காட்டில் அவிழ்த்துவிட்டால் முயலையும் மயிலையும் அடிக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் வேட்டையாடுவது குற்றம். "நாய்தான் பிடிச்சுது" என்று வனத்துறையிடம் சொல்லித் தப்ப முடியாது.

காட்டோரமும் வயலும்

பாபநாசம், களக்காடு பக்கத்து அடிவார ஊர்களில் சிறுத்தை நாயைத் தேடி வரும். இருட்டியதும் நாய் வீட்டுக்குள்ளோ கதவுள்ள தொழுவிலோ இருக்க வேண்டும். வாசலில் கட்டிய நாய் இரைதான். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் நாயைக் கொண்டுபோகக் கூடாது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கப் போகிறவர்களும் நாயை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி) திருட்டு மின்வேலியும் நாய்க்கு எமன். வைப்பது சட்டவிரோதம் என்றாலும் வைக்கிறார்கள்.

வயல்காட்டில் எலி மருந்து வைக்கும் நாட்களை அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு நாயைக் கட்டிவையுங்கள். வாயில் நுரை, நடுக்கம், தள்ளாட்டம், வாந்தியில் பூண்டு நாற்றம் இருந்தால் விஷம். பாலும் முட்டையும் புகட்டி நேரத்தைக் கடத்தாமல், மருந்தின் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். சில எலி மருந்துகள் ரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்று மூன்று நாள் கழித்துத்தான் நாய் சாயும். அதனால் தின்றதைக் கண்ணால் பார்த்திருந்தால், நாய் துள்ளி விளையாடினாலும் கொண்டுபோங்கள்.

பாம்பு கடிப்பது பெரும்பாலும் மூஞ்சியிலும் முன்னங்காலிலும். கண்ணாடி விரியன் என்றால் சிறிது நேரத்திலேயே வீங்கும். கட்டுவிரியன் கடியில் வீக்கமே இருக்காது, கால்கள் துவளும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதருக்குப் போடும் விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். எந்த மருத்துவமனையில் கையிருப்பு உண்டு என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிவையுங்கள்.

வெயில், வேட்டு

பங்குனியிலிருந்து ஆடி வரை நடத்திக் கூட்டிப்போவது காலை ஏழு மணிக்கு முன், சாயங்காலம் ஆறுக்குப் பின். தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் உள்ளங்காலும் பொத்துப்போகும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீரை வயிறு, தொடை, காலில் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் வேண்டாம், மேல்தோல் ரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு வெளியே வராமல் போகும்.

கோயில் கொடைக்கும் தீபாவளிக்கும் வேட்டுச் சத்தத்தில் வேலி தாண்டி ஓடும் நாய்கள்தான் நாலுவழிச் சாலையில் அடிபடுகின்றன. நான்குநேரி, வள்ளியூர் பக்கம் சாலையோர வீடுகளில் இருப்போர் கவனிக்க. கொடையன்று காலையே நெடுநேரம் நடத்தி, நேரத்தோடு சோறு போட்டு, ஜன்னல் சாத்திய அறையில் மின்விசிறியை ஓடவிட்டுப் படுக்கவையுங்கள். கட்டிப்போட்டால் முறுக்கிக்கொள்ளும்.

யாரையாவது கடித்துவிட்டால்

உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும், கடிபட்டவரின் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச்சக்தி மருந்தும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இல்லாவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி, ஒன்றையும் விடக்கூடாது. நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்து, வெறிநோய் தெரிகிறதா என்று 10 நாள் கவனியுங்கள்.

பெட்டை நாய்

பெட்டை வருடத்துக்குப் பொதுவாக இருமுறை பருவத்துக்கு வரும், மூன்று வாரம் நீடிக்கும். அந்த நாட்களில் ஊர்க் கடுவன்கள் எல்லாம் உங்கள் வேலியில்தான். சினைக்காலம் 63 நாள். குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடுங்கள். கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராது. அறுவை முடிந்து 10 நாள் தையலை நக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமான வேலை; கழுத்தைச் சுற்றிக் கூம்பு மாட்டிவிடுங்கள்.

வெளியூர் போகும்போது

நாயைப் புது இடத்தில் கொண்டுபோய் விடுவதைவிட, தெரிந்த ஆள் வந்து சோறு வைப்பது மேல். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அந்த ஆளின் கையால் ஒரு வேளைச் சோறு வைக்கச் சொல்லுங்கள். சோற்றின் அளவு, மருத்துவரின் எண், கழுத்துப்பட்டையை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது என்ற மூன்றையும் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். முதல் நாள் வாசலையே பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும், அது சகஜம். இரண்டாம் நாளும் சோற்றைத் தொடாவிட்டால் ஏக்கம் என்று விட்டுவிடாமல், உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்துப் போனில் சொல்லச் சொல்லுங்கள்.